ஒரு நாளைக்கு ஐந்து பென்ஸ்: 18ஆம் நூற்றாண்டில் ஊனமுற்ற வீரர்கள் ஓய்வூதியம் கேட்ட கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு நவம்பரிலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வங்கிக்குப் போய், தான் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். "ஆளே எதிர்ல நிக்கிறேன், அதுக்கும் ஒரு பேப்பர் கேக்குறாங்க" என்று வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு முறை சொல்வார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். ராணுவ ஓய்வூதியம் எங்கே, எப்படித் தொடங்கியது என்று தேடிப் போனபோது நான் வந்து நின்ற இடம் 18ஆம் நூற்றாண்டு லண்டனின் செல்சீ. இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

செல்சீ ராயல் ஹாஸ்பிட்டல் என்பது மருத்துவமனையா?

பெயரைப் பார்த்து அப்படி நினைப்பது இயல்புதான். உண்மையில் அது முதிய, உடல் பழுதான வீரர்கள் தங்கி வாழும் இல்லம். பாரிஸில் பதினான்காம் லூயி 1670இல் தொடங்கிய 'இன்வாலீத்' இல்லம் அதற்கு முன்னோடி. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதேபோல ஒன்று வேண்டும் என்று விரும்ப, 1682இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். 1692இல் வீரர்கள் குடியேறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறடிக்கு ஆறடி மரத்தடுப்பு அறை, சாப்பாடு, சிவப்புக் கோட்டு.

ஆனால் இடம் 476 பேருக்குத்தான். கட்டி முடிப்பதற்கு முன்பே அதைவிட அதிகமானவர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு காசாக வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. இவர்களை 'வெளி ஓய்வூதியர்' என்பார்கள். காலம் போகப் போக இவர்கள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போவது பெரும்பாலும் இவர்களைப் பற்றித்தான்.

அதற்கு முன்பு ஒன்றுமே இல்லையா?

இருந்தது. எலிசபெத் ராணி காலத்தில், 1593 தொடங்கி வந்த சட்டங்கள், போரில் அங்கம் இழந்தவருக்கு அவரவர் மாவட்டமே உதவித்தொகை தர வேண்டும் என்றன. உள்ளூர் வரியில் இருந்து எடுத்து நீதிபதிகள் கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது தேய்ந்து போனது. நிரந்தரப் படை உருவான பிறகு, நாடு முழுவதற்கும் ஒரே வாசலாகச் செல்சீ ஆனது. அயர்லாந்துப் படைப்பிரிவுகளுக்கு மட்டும் டப்ளினில் கில்மைனம் என்ற தனி இல்லமும் தனிப் பட்டியலும் இருந்தன.

பணம் யார் கொடுத்தது?

பெரும்பங்கு வீரர்களே கொடுத்தது. சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு ஷில்லிங் பிடித்தார்கள், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளமும் செல்சீக்குப் போனது. சாதாரணக் காலாள் வீரருக்கு நாள் சம்பளம் 8 பென்ஸ். அதிலும் உணவுக்கும் உடைக்கும் கழித்தது போக அவர் கையில் நின்றது சில காசுகள்தான். இத்தனை பிடித்தும் பற்றாமல் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் தனியாகத் தொகை ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இதை 'மன்னரின் தர்மம்' என்று அந்தக் காலத்தில் எழுதியதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்த மனிதர்கள் வருஷக்கணக்கில் கட்டிய பணம் அது.

யாருக்குக் கிடைக்கும்? காயம் பட்டால் போதுமா?

போதாது. எழுதப்பட்ட உரிமை என்று எதுவும் கிடையாது. இதுதான் இந்த விஷயத்தின் மையம். பொதுவாக, பணியில் உடல் பழுதானவர்களையும் இருபது ஆண்டு அளவுக்குச் சேவை செய்தவர்களையும் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் வழக்கம் என்பது வழக்கம் மட்டும்தான். செல்சீயின் ஆணையர்கள் சரி என்றால் உண்டு, வேண்டாம் என்றால் இல்லை.

எப்படி விண்ணப்பித்தார்கள்?

நேரில் போக வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஃபிளாண்டர்ஸில் கால் போனவர், ஸ்காட்லாந்தில் மூட்டு உறைந்தவர், கரீபியத் தீவுகளில் காய்ச்சலில் கண்பார்வை போனவர் எல்லாரும் லண்டன் வந்து சேர வேண்டும்.

கையில் படைப்பிரிவில் கொடுத்த விடுவிப்புச் சான்று வேண்டும். எத்தனை ஆண்டு பணி, எங்கே என்ன காயம், நடத்தை எப்படி என்று தலைமை அதிகாரி எழுதித் தந்த தாள் அது. அந்த அதிகாரி இறந்துவிட்டாலோ, பிரிவே கலைக்கப்பட்டுவிட்டாலோ, கப்பல் மூழ்கும்போது தாளும் சேர்ந்து போய்விட்டாலோ, வேறு யாராவது பெரிய மனிதரின் சிபாரிசைத் தேடி அலைய வேண்டியதுதான்.

செல்சீயில் ஆணையர்கள் முன் வரிசையாக நிறுத்துவார்கள். இல்லத்தின் அறுவை மருத்துவர் உடலைப் பார்ப்பார். எழுத்தர் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: படைப்பிரிவு, பெயர், வயது, சேவை ஆண்டு, என்ன பழுது, பிறந்த ஊர், கைத்தொழில். ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். 'இடக்கை இல்லை', 'டெட்டிங்கனில் காலில் குண்டு', 'வாதம்', 'இளைப்பு', 'பார்வை மங்கல்' என்ற பாணியில் பழுதைக் குறித்தார்கள்.

எல்லாருக்குமே போர்க்காயம்தானா?

இல்லை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். பதிவேட்டில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைத் தமிழில் சொன்னால் 'தேய்ந்து போனவர்'. குறிப்பிட்ட காயம் எதுவும் இருக்காது. இருபது ஆண்டு ஈரத் தரையில் படுத்து, மூட்டை சுமந்து, கிடைத்ததைத் தின்று, நாற்பது நாற்பத்தைந்து வயதிலேயே உடம்பு ஓய்ந்துவிட்டிருக்கும். மூட்டுவாதமும் குடலிறக்கமும் நெஞ்சுச்சளியும் வாளைவிட அதிகம் பேரைச் செல்சீக்கு அனுப்பின. 'தேய்ந்து போனவர்' என்று எழுதி அதையும் ஒரு பழுதாக ஏற்றுக்கொண்டார்களே, அந்த அளவில் ஆணையர்களை நான் மதிக்கிறேன்.

நாளுக்கு 5 பென்ஸ் போதுமா?

நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெளி ஓய்வூதியருக்கு 5 பென்ஸ்தான். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 7 பவுண்டு 12 ஷில்லிங்கும் ஒரு பென்னியும் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). நல்ல பெயரெடுத்த சிலருக்கு, பெரும்பாலும் சார்ஜென்ட்டுகளுக்கு, மன்னரின் கடிதத்தின் பேரில் நாளுக்கு ஒரு ஷில்லிங் கிடைத்தது. அவர்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்து வாழலாம்.

மற்றவர்களுக்கு ஐந்து பென்ஸ் குடும்பத்தைத் தாங்காது. அதனால் முடிந்த வேலையைச் செய்தார்கள். செருப்புத் தைப்பது, தறி ஓட்டுவது, துணி தைப்பது என்று உட்கார்ந்து செய்யும் தொழில் தெரிந்தவருக்குக் கால் போனாலும் பிழைப்பு உண்டு. மண் வெட்டிப் பிழைத்தவருக்குக் கை போனால் எல்லாமே போச்சு. கைத்தொழிலைப் பதிவேட்டில் எழுதிவைத்தது எவ்வளவு முக்கியம் என்பது இந்த இடத்தில்தான் புரிகிறது.

கந்துவட்டிக்காரர்கள் பற்றிக் கேள்விப்பட்டேன். அது என்ன?

பெயர் பட்டியலில் ஏறினாலும் முதல் பணம் கைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஓய்வூதியத்தைக் காலம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். லண்டனில் நிற்கிறார், ஒற்றைக் கால், ஊர் இருநூறு மைல் தள்ளி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. அப்போது ஒருவர் வந்து, "நான் இப்பவே கொஞ்சம் தர்றேன், உன் பென்ஷனை என் பேருக்கு எழுதிக் கொடு" என்பார். எழுதிக் கொடுத்தால் அவ்வளவுதான். முதல் ஆண்டுப் பணம் வட்டிக்கே போகும், இரண்டாம் ஆண்டுக்கு மறுபடியும் கடன். சம்பள நாளன்று வாசலிலேயே நின்று ஏடிஎம் அட்டையை வாங்கிக்கொள்ளும் கடன்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1754இல் படைச் சம்பளத் தலைவராக இருந்த வில்லியம் பிட், இதை ஒழிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். ஓய்வூதியத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாகவே கொடுக்க வேண்டும், ஓய்வூதியத்தை அடமானம் வைத்து எழுதும் பத்திரம் எதுவும் செல்லாது என்று சட்டமானது. பிட் பின்னாளில் ஏழாண்டுப் போரை நடத்திய பெரிய தலைவராகப் பேசப்பட்டார். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே மிக நல்ல காரியம் இதுதான் என்பேன்.

பென்ஷன் வாங்கியவரை மறுபடியும் போருக்கு அழைப்பார்களா?

அழைத்தார்கள். ஓய்வூதியம் என்றால் முழு விடுதலை கிடையாது. போர் மூண்டதும் பட்டியலில் உள்ளவர்களை வரச்சொல்லி மறுபடி சோதிப்பார்கள். கோட்டைக் காவலுக்காவது தேறுவார் என்று பட்டவரை 'இன்வாலிட்' (உடல் பழுதானோர்) படைக் கம்பெனிகளில் சேர்ப்பார்கள். 1719இல் இவர்களை வைத்தே எட்மண்ட் ஃபீல்டிங் தலைமையில் ஒரு தனி ரெஜிமென்ட் அமைத்தார்கள். அழைத்தும் வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். கோட்டை வாசலில் நிற்பதை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 1740இல் நடந்ததை மன்னிக்க முடியாது.

அந்த ஆண்டு கமடோர் ஜார்ஜ் ஆன்சன், ஸ்பானியர்களைத் தாக்க ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குப் போகும் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். அவருக்குத் தரைப்படை வேண்டும். செல்சீயின் வெளி ஓய்வூதியரில் 500 பேரைத் தருவதாக முடிவு செய்தார்கள். வேண்டாம் என்று ஆன்சன் எதிர்த்தார், பயன் இல்லை. போர்ட்ஸ்மவுத்தில் கூட்டிவந்து நிறுத்தியதும், நடக்கக் கால் இருந்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டு நழுவிவிட்டார்கள். மிஞ்சியது 259 பேர். பெரும்பாலும் அறுபது வயதுக்காரர்கள், சிலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஓட முடியாதவர்களைத்தான் கப்பலில் ஏற்றினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஹார்ன் முனையில் ஸ்கர்வி நோய் பிடித்தது. வைட்டமின் சி இல்லாவிட்டால் பழைய தழும்புகளைப் பிடித்து நிறுத்தும் இணைப்புத் திசு கரையும். அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் தெரியாது, விளைவை மட்டும் எழுதி வைத்தார்கள். 1690இல் அயர்லாந்தில் பாயின் போரில் காயம்பட்ட ஒரு முதியவர் ஆன்சனின் 'செஞ்சூரியன்' கப்பலில் இருந்தார். காயம் ஆறி ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்தத் தழும்புகள், ஒருநாளும் ஆறாதவைபோல, மறுபடி வாய் திறந்தன. ஒட்டியிருந்த எலும்பும் விட்டுப்போனது. செஞ்சூரியனில் ஏறிய 50 இன்வாலிட்டுகளில், பசிபிக்கில் உள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளை விட்டுக் கிளம்பும்போது மிஞ்சியிருந்தவர்கள் 4 பேர். துணைக்கப்பலான 'குளோஸ்டரில்' ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆன்சன் 1744இல் ஸ்பானியப் புதையலோடு திரும்பினார். லண்டன் தெருவில் அதை வண்டி வண்டியாக ஊர்வலம் விட்டார்கள்.

பெண்களுக்குக் கிடைத்திருக்கிறதா?

அரிதாகத்தான். அப்படிக் கிடைத்த இருவரில் ஒருவரின் கதை நம் கடற்கரையில் நடந்தது.

ஹானா ஸ்னெல், வூஸ்டர் ஊர்க்காரர். ஆண் உடையில், ஜேம்ஸ் கிரே என்ற பெயரில், ஃபிரேசரின் கடற்படைக் காலாள் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அட்மிரல் பாஸ்கவென் 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அந்தப் படையில் அவரும் இருந்தார். கோட்டைக்குள்ளே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அன்றாடம் தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருக்க, வெளியே அகழியில் இந்தப் பெண் நின்றிருந்தார் என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. மழைக்காலம் பிடித்துக்கொள்ள, முற்றுகையைக் கைவிட்டுப் படை திரும்பியது. காயம்பட்ட ஹானாவைக் கடலூரில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். தொடைக்கு மேலே பாய்ந்திருந்த குண்டைத் தான் பெண் என்று தெரியாமல் இருக்கத் தானே எடுத்துவிட்டதாகவும், உள்ளூர்ப் பெண் ஒருவர் உதவியதாகவும் பிறகு சொன்னார். நாடு திரும்பிய பின் அச்சில் வந்த அவர் கதையில் காயங்கள் பன்னிரண்டு.

1750இல் லண்டன் வந்து, தான் யார் என்பதை வெளியில் சொல்லி, படைத் தலைவரான கம்பர்லேண்ட் கோமகனிடம் மனுக் கொடுத்தார். அந்த நவம்பரில் செல்சீ பதிவேட்டில் அவருக்கு விழுந்த வரி இவ்வளவுதான்: வயது 27, சேவை நாலரை ஆண்டு, புதுச்சேரியில் இரண்டு தொடையிலும் காயம், பிறப்பு வூஸ்டர், தகப்பன் சாயத்தொழிலாளி. எழுத்தருக்கு வியப்பும் இல்லை, கதையும் இல்லை. எல்லாருக்கும் எழுதுவதைப் போலவே எழுதினார். அச்சான கதையைவிட அந்த வரியைத்தான் நான் நம்புகிறேன். 1785இல் அவர் தொகை நாளுக்கு ஒரு ஷில்லிங்காக உயர்ந்தது. கடைசியில் மனநோய் கண்டு பெத்லெம் விடுதியில் 1792இல் இறந்தார். செல்சீ இல்லத்தின் இடுகாட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவருக்கு முன் கிறிஸ்டியன் டேவிஸ் என்ற பெண்ணும் இதேபோல ஆண் உடையில் போரிட்டு ஓய்வூதியம் பெற்றார். 1739இல் இறந்தார்.

மனைவி, விதவை?

சாதாரண வீரரின் விதவைக்குச் செல்சீயில் ஒன்றும் இல்லை. புருஷன் மூச்சு நின்ற அன்றே ஐந்து பென்ஸும் நின்றது. பிறகு ஊர்ச் சர்ச்சின் ஏழைநிதிதான்.

கிடைக்காமல் போனவர்கள் என்ன செய்தார்கள்?

மறுபடி மனுப் போட்டார்கள். காயம் புரையோடிய பிறகு, உடம்பு இன்னும் நலிந்த பிறகு திரும்பி வந்து கேட்டவர்கள் உண்டு. மற்றவர்கள் ஊருக்குப் போய் ஏழைநிதியை நாடினார்கள், பிச்சையும் எடுத்தார்கள். 1749இல் அரசு ஒரு சட்டம் போட்டது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் எந்த ஊரிலும் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்யலாம், உள்ளூர்க் கைவினைஞர் குழுமங்கள் (கில்டுகள்) தடுக்க முடியாது. கை கால் நன்றாக இருந்தவருக்கு அது உதவியிருக்கும்.

கப்பற்படை வீரர்களுக்கு?

அவர்களுக்கு கிரீனிச் இல்லம். 1694இல் அரசப் பட்டயம் கொடுத்துத் தொடங்கினார்கள். மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 6 பென்ஸ் பிடித்து நடத்தினார்கள். காயத்துக்கு இழப்பீடு தரும் 'சாத்தம் பெட்டகம்' என்ற நிதி அதற்கும் முன்பே இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்கள் செல்சீக்குப் போகலாமா?

கம்பெனிப் படை மன்னரின் படை கிடையாது, அதனால் அது தனி வழி. வங்க நவாப் மீர் ஜாஃபர் 1765இல் இறக்கும்போது ராபர்ட் கிளைவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் எழுதி வைத்தார். அதை முதலாகப் போட்டு, கம்பெனியின் ஊனமுற்ற ஐரோப்பிய வீரர்களுக்கும் விதவைகளுக்குமான 'கிளைவ் நிதி' 1770இல் ஒப்பந்தமானது. வங்கத்தில் கொள்ளையாகத் திரண்ட செல்வத்தின் ஒரு துண்டு அது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இந்தியச் சிப்பாய்களுக்கு அதில் பங்கில்லை. வங்கப் படையில் உடல் தளர்ந்த சிப்பாய்களுக்கு பீகாரில், பாகல்பூர்ப் பக்கம், தரிசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். காட்டைத் திருத்தி விளைவிப்பது அவர்கள் பாடு.

அமெரிக்கப் புரட்சியில் போரிட்டவர்களுக்கு?

1776 ஆகஸ்ட் 26இல் அமெரிக்கக் காங்கிரஸ், அங்கம் இழந்தவருக்குப் பாதிச் சம்பளம் என்று தீர்மானம் போட்டது. கையில் காசில்லாததால் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்கள் தலையில் கட்டியது. வாஷிங்டன் கோட்டைச் சண்டையில், கணவர் விழுந்ததும் அவருடைய பீரங்கியைத் தானே இயக்கிக் கை முடங்கிய மார்கரெட் கார்பினுக்கு 1779இல் ஒரு வீரரின் பாதிச் சம்பளம் ஆயுள் முழுக்க வழங்கினார்கள்.

1792இல் வந்த சட்டம் இன்னும் சுவையானது. ஊனத்தைச் சோதித்து முடிவு சொல்லும் வேலையை அது கூட்டாட்சி நீதிபதிகளிடம் கொடுத்தது. நாங்கள் சொல்லும் முடிவைப் போர்த்துறைச் செயலாளர் மாற்றலாம் என்றால் அது நீதிமன்ற வேலையே இல்லை என்று நீதிபதிகள் மறுத்தார்கள். அரசியலமைப்பு வகுப்புகளில் இன்றும் படிக்கும் ஹேபர்ன் வழக்கு இதில் பிறந்ததுதான். அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். இடையில் காத்திருந்தது வழக்கில் பெயர் உள்ள அந்த ஊனமுற்ற வீரர்.

சரி, இங்கிலாந்தில் எப்போது இது உரிமையானது?

1806இல். வில்லியம் விண்டம் கொண்டுவந்த சட்டத்தில்தான் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தவருக்கும் பணியில் ஊனமுற்றவருக்கும் ஓய்வூதியம் சட்டப்படியான உரிமை ஆனது. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அத்தனை பேரும் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

அந்தப் பதிவேடுகளை இன்று பார்க்க முடியுமா?

முடியும். லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆணையர்கள் சோதித்த பதிவேடுகள் 'டபிள்யூ.ஓ. 116' என்ற வரிசையில் 1715 முதல் கிடைக்கும். தனித்தனி வீரரின் விடுவிப்புச் சான்றுகள் 'டபிள்யூ.ஓ. 97' வரிசையில் 1760 முதல். தேடுவதற்கு முன் ஆளின் ரெஜிமென்ட் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெறும் பெயரை வைத்துத் தேடினால் ஜான் ஸ்மித்களில் தொலைந்து போவீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் ஒரு ஜான் ஸ்மித்தைத் தேடி உட்கார்ந்தேன். தேடியவர் கிடைக்கவில்லை, கை இல்லாத வேறு மூவர் கிடைத்தார்கள். மூவரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.